நான் திருத்தி வைத்த எண்கள்

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, "இது எப்பம் தொடங்கியது?" என்று டாக்டர் கேட்டார்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி. மலையாளம் கலந்த தமிழ் அவருடையது. எங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் யாருக்கும் சிரமமில்லை. அவருக்கு எதிரே ராஜமணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அண்ணனின் மனைவி லீலாபாய் அக்கா, என்னோடு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவள், உள்ளறையில் படுத்திருந்தாள்.

"ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்," என்றார் அண்ணன். "தலவலிக்குன்னு சொல்லுவா. போன வருஷ ஓணத்துக்கு கண்ணாடி மாத்தினதுல செரியாச்சுன்னு இருந்தேன். பின்ன இந்த பைக்கு தட்டினப்பம் தான் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம்."

டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். அவருடைய பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மாசம் இல்ல டாக்டர்," என்றேன். "ஒண்ணேகால் வருஷம்."

பேனா நின்றது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் நூலகத்தின் மச்சில் குடியிருந்த மரநாயைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நூலகச் செய்திகள்

தக்கலையிலிருந்து மலைப்பக்கமாகப் போகும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். மழை பெய்தால் புத்தக அடுக்குகள் வரை ரப்பர் பாலின் புளித்த வாடை வரும். புதிதாக வரும் மாணவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

புத்தகம் வந்ததும் பதிவெண் போட்டு, எந்த வகை என்று பார்த்து, முதுகில் சீட்டு ஒட்டி, அடுக்குக்கு அனுப்பும் பிரிவில் நாங்கள் இருவர். லீலாபாய் அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவள். நான் நிரந்தர ஊழியர். அவள் பதினேழு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். ஒவ்வொரு சித்திரையிலும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் மட்டும் அக்கா கொஞ்சம் குறைவாகப் பேசுவாள்.

நூலக வாசலில் ஒரு பச்சைப் பலகை. மேலே 'நூலகச் செய்திகள்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். திங்கள்கிழமை காலையில் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி அதை எழுதுவாள். உருண்டை உருண்டையான எழுத்து. புதிய புத்தகங்கள், ஓணம் விடுமுறை, யாருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது, யாருடைய குடை எங்கள் மேசையில் கிடக்கிறது, பின்பக்கம் பாம்பு பார்த்தார்கள், ஜன்னலைச் சாத்தவும். எல்லாம் அதில் வரும்.

கேன்டீனில் இட்லி அவிக்கும் தங்கம்மை இறந்தபோது அக்கா அதையும் எழுதினாள். நூலகர் வந்து பார்த்துவிட்டு, "இது யுனிவர்சிட்டி ஆட்களுக்கு உள்ள போர்டு இல்லையா?" என்றார்.

அக்கா சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "சார், இஞ்ச படிக்கிய பிள்ளையள் எல்லாம் அவளுக்க கையால தானே தின்னுது? அவ செத்தது தெரியாண்டாமா?"

நூலகர் நல்ல மனிதர். உள்ளே போய்விட்டார். அன்று மதியம் கேன்டீனில் பையன்கள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள்.

ஒரு இலக்கம்

அது கல்லூரி திறந்த ஆனி மாதம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு மாணவி நனைந்த துப்பட்டாவோடு வந்து, "மேடம், கம்ப்யூட்டர்ல சொன்ன இடத்துல புக்கு இல்ல," என்றாள். ரப்பர் பயிரில் வரும் நோய்களைப் பற்றிய புத்தகம். தேடிப் போனேன். நாலு அடுக்கு தள்ளி, மிளகு பற்றிய புத்தகங்களுக்கு நடுவில் அது நின்றது.

முதுகுச் சீட்டைப் பார்த்தேன். அக்காவின் எழுத்து. கடைசி இலக்கம் விட்டுப்போயிருந்தது.

கை தவறுவது எல்லாருக்கும் உண்டு. பேனாவை எடுத்து அந்த ஒரு இலக்கத்தைச் சேர்த்து, மாணவியிடம் கொடுத்தேன். அக்காவிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அதற்கடுத்த வாரம் ஒரு கட்டு முழுவதும் பார்த்தேன். ஐந்து இலக்கப் பதிவெண்களில் சிலவற்றில் நாலுதான் இருந்தது. எப்போதும் கடைசி எண்தான் காணாமல் போயிருந்தது.

அக்கா அந்த நாட்களில் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பாள். புத்தக வண்டியின் மூலையில் இடித்துக்கொள்வாள். "சவத்த எவன் இங்க கொண்டு வச்சான்?" என்று வண்டியைத் திட்டுவாள். அது எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. பலகையில் அவள் எழுதும் செய்திகளும் மாறின. இரண்டு பக்கமும் ஒரு முழம் வெறுமையாகக் கிடக்கும். எழுத்தெல்லாம் நடுவில் வந்து நெருங்கி நிற்கும். "அக்கா போர்டுக்கு மார்ஜின் விடுதாங்க," என்று மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்காவின் மகள் ஷைனி மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த யோசனையில் இருக்கிறாள் என்று நினைத்தேன். வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. எனக்கே சில நாள் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரிவதில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய தவறுகளை யாரும் பார்ப்பதற்கு முன் திருத்திவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தினமும் அரைமணி நேரம் முன்னதாக வந்தேன். முந்தைய நாள் அக்கா முடித்து வைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். விட்டுப்போன எண்களைச் சேர்த்துவிட்டு, அவள் வைத்த வரிசையிலேயே திரும்ப வைப்பேன்.

அக்காவுக்காகத்தான் செய்தேன். அதில் பொய்யில்லை. ஆனால் எனக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. நான் இல்லாவிட்டால் இவள் வேலை போய்விடும், நான்தான் தாங்கிப் பிடிக்கிறேன் என்கிற பெருமை. அதையும் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"நீ எழுதினியா?"

ஓண விடுமுறைக்கு முந்தைய நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மடியில் ஒரு புத்தகம் இருந்தது. முகத்தைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சுகந்தி, இந்த ஏழு எனக்க எழுத்து இல்ல," என்றாள். "நான் ஏழுக்கு குறுக்க ஒரு கோடு போடுவேன், பாத்தியா? இதுல கோடு இல்ல. நீ எழுதினியா?"

என் கையில் சோற்றுக் கவளம் இருந்தது.

"இல்லக்கா," என்றேன். "அடுக்க வந்த பிள்ளைங்க யாராவது எழுதியிருக்கும்."

"பிள்ளையளா?"

"ஆமா. ட்ரெயினிங்குக்கு வந்துதே, அதுங்க."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். "நான் பயந்துட்டேன் கேட்டியா. கண்ணு தான் ஏமாத்துதோன்னு. நாலஞ்சு நாளா ஒரு சந்தேகம். இந்த லீவுல நெய்யூர் ஆஸ்பத்திரில போயி காட்டிட்டு வரணும்னு அண்ணங்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்." சிரித்தாள். "அப்பம் போகாண்டாம், இல்லியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. "தலவலி இருந்தா காட்டிருங்கக்கா," என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். அதையும் சொல்லவில்லை. "மட்டிப்பழம் வேணுமா அக்கா?" என்று கேட்டேன்.

அவள் பழத்தை வாங்கி உரித்தாள். ஓணத்துக்கு அவர்கள் மார்த்தாண்டத்துக்குப் போய்க் கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

சித்திரையில் ஒப்பந்தம் புதுப்பித்து முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது வரை யாருக்கும் தெரியக் கூடாது. சித்திரைக்கு ஏழு மாதம் இருந்தது.

பார்கோடு

தை மாதம் நூலகத்தில் எல்லாப் புத்தகங்களுக்கும் பார்கோடு ஒட்டும் வேலை தொடங்கியது. வெளியிலிருந்து ஒரு குழு பார்வையிட வரப்போகிறது என்று மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். நூலகர் எங்களைக் கூப்பிட்டு, "பதிவேடும் புத்தகமும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகாதது எதுன்னு தனியா எழுதுங்க. யார் போட்ட நம்பர்னும் எழுதுங்க," என்றார்.

அக்கா என் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அந்த இரண்டு மாதமும் காலை ஏழரை மணிக்கே நூலகத்துக்கு வந்துவிடுவேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டுக் கட்டன் சாயா வாங்கித் தருவார். அக்கா கடைசியாகப் போட்ட எண்கள் எல்லாவற்றையும் தேடித்தேடித் திருத்தினேன். ஏழுக்குக் குறுக்கே கோடு போடவும் அப்போது பழகியிருந்தேன். அவளுடைய கையெழுத்திலேயே எழுதினேன்.

ஒத்துப்போகாத பட்டியலில் அக்காவின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. குழு வந்து பாராட்டிவிட்டுப் போனது. சித்திரையில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்கா எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். என் கையில் இரண்டு வைத்து மூடினாள்.

"இந்தத் தடவ கிட்டாதுன்னே நினைச்சேன் மக்கா," என்றாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். லட்டைத் தின்றுகொண்டு நின்றேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மார்த்தாண்டம் மார்க்கெட் பக்கம் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த பைக்கை அக்கா பார்க்கவில்லை. பெரிய அடி இல்லை. முட்டியில் சிராய்ப்பு. பைக் ஓட்டி வந்தவன் அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, "ஹாரன் அடிச்சிட்டே தானே வந்தேன், காணல்லியா அக்கா?" என்று கேட்டிருக்கிறான். நிஜமாகவே அவள் காணவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்று மாலையே திருவனந்தபுரத்துக்குப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாலாவது மாடி

மூளைக்கு அடியில், கண் நரம்புகள் சேரும் இடத்தில் ஒரு கட்டி. அது மெதுவாக வளர்ந்து நரம்பை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் பார்வையின் இரண்டு ஓரங்களும் போகும். நடுவில் உள்ளது மட்டும் தெரியும். தனக்குப் போகிறது என்று நோயாளிக்கே தெரியாது. டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு எங்களுக்குக் காட்டினார்.

நான் ஒண்ணேகால் வருஷம் என்று சொன்னதும் அவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எண்கள், வண்டி, பலகை எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "சாதாரணமா அழுத்தம் தொடங்கின உடனே வந்தா கண்ணைக் காப்பாத்தலாம்," என்றார். "இப்பம் உயிருக்கு ஆபத்தில்லாம எடுத்துரலாம். பார்வை பத்தி நான் வாக்கு தர முடியாது." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ராஜமணி அண்ணன் ஒன்றில் உட்கார்ந்தார். மார்த்தாண்டத்தில் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறவர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

"பிள்ளே, நீ அறிஞ்சிருந்தியா?" என்று கேட்டார்.

"நோயின்னு தெரியாதுண்ணே. தப்பு வருதுன்னு தெரியும்."

"எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கலாமே. ஒரு வாக்கு."

அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ போ. நாகர்கோவிலுக்கு பஸ்ஸு நிக்கும்," என்றார்.

போனேன். பஸ் நிலையத்தில் மூன்று பஸ்கள் போகும் வரை ஏறாமல் நின்றேன்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அக்கா பிழைத்தாள். கட்டு அவிழ்த்த அன்று வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது என்றாளாம். மூன்று வாரத்தில் அதுவும் நின்றது.

நூலகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்றேன். "போர்டை நானும் தினம் பார்த்துட்டுத்தானே சுகந்தி உள்ளே வந்தேன்," என்றார். அடுத்த சித்திரையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அக்கா வரவில்லை. பலகை இருந்த இடத்தில் இப்போது ஒரு டிவி இருக்கிறது. புதிய புத்தகங்களின் அட்டைகள் அதில் ஓடுகின்றன.

இரணியல் வீடு

நாலு மாதம் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. பயம். ஷைனி மஸ்கட்டிலிருந்து போனில் கூப்பிட்டு, "அம்மா உங்கள கேக்குதாங்க சித்தி," என்றாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரணியல் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அண்ணன் கதவைத் திறந்தார். வா என்று சொல்லவில்லை. வழி விட்டு நின்றார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினாள். ஆனால் எனக்கு ஒரு பக்கம் தள்ளிச் சுவரைப் பார்த்தாள்.

"சுகந்தியா?"

"ஆமாக்கா."

"ஏட்டி, இரு."

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ஏழு என்னுடைய எழுத்துதான். அன்றைக்குப் பொய் சொன்னேன். காலையில் வந்து திருத்தினேன். உங்கள் கையெழுத்தைப் போலவே எழுதினேன். இடையில் நிறுத்தினால் பிறகு சொல்ல முடியாது என்று வேகமாகச் சொன்னேன்.

"அண்ணன் சொன்னாரு," என்றாள்.

வெளியே ரயில் ஒன்று நின்று கிளம்பியது.

"எங்கிட்ட கோபமாக்கா?"

"கோபம் உண்டு," என்றாள். "இல்லன்னு சொன்னா அது பொய்யாயிரும். நீ ஒண்ணு சொன்னது போதும். நானும் ஒண்ணு சொல்லாண்டாம்."

நான் எழுந்தேன். சேலை சரசரத்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க போற? இரு. கோபம் உண்டுன்னு தானே சொன்னேன், வராதன்னு சொன்னேனா?"

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போகத் தொடங்கினேன். சென்ற வருஷம் ஓய்வு பெற்றதிலிருந்து வாராவாரம் போகிறேன். அண்ணன் என்னிடம் பேச ஒரு வருஷம் ஆனது. முதலில் பேசியது, "மழ வருது, கொட எடுத்தியா?" என்றுதான். ஷைனிக்குக் கல்யாணம் முடிந்தது. மணமேடையில் மகள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறாள் என்று அக்கா என்னிடம்தான் கேட்டாள்.

இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். "எழுது. எனக்க பேரு போட்டாலும் செரி. பாவம் லீலாபாயின்னு மட்டும் எழுதாத," என்றாள். எழுதவில்லை.

போன சனிக்கிழமை போனபோது அக்கா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியால் நீளமாக ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தோலைச் சுருட்டி எடுத்தாள். விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள். ஒரு துண்டில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சட்டிக்குள் போனது.

நான் சத்தமில்லாமல் குனிந்தேன். கை தண்ணீர் வரைக்கும் போய்விட்டது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, கடைசியா போட்டதுல தோலு இருக்கு," என்றேன்.

அவள் சட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். நேரமாயிற்று. நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுவா?"

"இல்லக்கா. அடுத்தது."